டயர் இழுத்த சாலை

விடியற்காலையில் விருந்தினர்களுக்குக் காபியோடு ரஸ்க் கொடுப்பது நல்ல பழக்கம். வாயில் ரஸ்க் இருக்கும் வரை யாரும் அதிகம் பேச மாட்டார்கள். அந்த நேரத்தில் காட்டைக் காது கொடுத்துக் கேட்டுவிடலாம். புதிதாக வேலைக்கு வரும் வழிகாட்டிகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எது முதல் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கிறது. சாலையிலிருந்து தொடங்குகிறேன். தப்பென்று பட்டால் நிறுத்துங்கள்.

எங்கள் வனவிலங்குக் காப்பகத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் நடுவே வேலி கிடையாது. எல்லைக்கு அடையாளமாக ஒரு மணல் சாலை போகிறது. கிழக்குச் சாலை என்போம். விடிந்ததும் அந்தச் சாலையில் ஜீப்பை மெதுவாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும். முன்னால், இரவில் விழுந்த தடங்களைப் படித்துக்கொண்டே போவோம். பின்னால் சங்கிலியில் கட்டிய பழைய லாரி டயர் ஒன்று அவற்றை அழித்துக்கொண்டே வரும். மணல் துடைத்த சிலேட்டு மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு விழும் தடம் எதுவானாலும் புதிது. சிங்கம் எந்தப் பக்கம் போயிற்று என்பதை இப்படித்தான் கண்டுபிடித்து விருந்தினர்களை அழைத்துப் போகிறோம்.

தடம் பார்ப்பது கென்சானியின் வேலை. ஜீப்பின் மூக்கில் அவளுக்கென்று ஒரு தனி இருக்கை உண்டு. நான் வண்டி ஓட்டுவேன், துப்பாக்கி என் பொறுப்பு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தச் சாலையை விலங்குகள் மட்டும் கடப்பதில்லை. மொசாம்பிக் பக்கத்திலிருந்து வேலை தேடி வருகிறவர்களும் இரவில் பூங்காவைக் குறுக்கே நடந்து வந்து அங்கேதான் கடப்பார்கள். என் அம்மா அப்படித்தான் வந்தாள், என்னை முதுகில் கட்டிக்கொண்டு. "நாம ரெண்டு பேருமே அந்த வழியா வந்த சரக்குதானேடா," என்று கென்சானி சிரிப்பாள். மனிதத் தடம் கண்ணில் பட்டால் எங்கள் ஆட்கள் யாரும் வயர்லெஸ்ஸில் சொல்ல மாட்டார்கள். டயர் அழித்துவிடும், அதோடு சரி. இது நான் தொடங்கி வைத்த வழக்கம் இல்லை.

போன வறட்சிக் காலத்தில் கென்சானி விடுப்பில் இருந்தாள். நான் தனியாக டயர் இழுத்துக்கொண்டு போனேன். சாலையோரப் புல்லில் ஒரு செருப்பு கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சட்டி, கிழிந்த போர்வை. அங்கே நடந்ததை மணலில் பார்த்தாலே தெரிந்தது. கிழிந்தகாதும் அவள் மகள்களும்தான்.

கிழிந்தகாதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெண் சிங்கம் அது. எங்கள் விடுதியின் வரவேற்பறைச் சுவரில் பெரிதாக மாட்டியிருப்பது அதன் படம்தான். அதைப் பார்க்கவென்றே கடல் தாண்டி வருகிறார்கள். சிங்கம் மனிதனைத் தின்றது தெரிந்தால் அதிகாரிகள் அந்தக் கூட்டத்தையே சுட்டுவிடுவார்கள், எது தின்றது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது. வடக்கே வேறொரு காப்பகத்தில் அப்படி நடந்தபோது உதவிக்கு நானும் போயிருந்தேன். ஒவ்வொன்றாக வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். ஒன்றின் வயிற்றில்தான் இருந்தது. மற்றவை சும்மா செத்தன.

அதனால் செருப்பையும் சட்டியையும் அவனில் மிஞ்சியிருந்ததையும் எறும்புதின்னி தோண்டிய ஒரு குழியில் போட்டு மூடினேன். வந்தவன் யாரென்று தெரியாது. போனவன் போய்விட்டான். சிங்கங்களைச் சுடுவதால் அவன் திரும்பி வரப்போவதில்லை. இப்போதும் இதில் எனக்குப் பெரிய தப்பு தெரியவில்லை. உங்களுக்குத் தெரியலாம்.

கென்சானி விடுப்பு முடிந்து வந்ததும், காலையில் சாலையை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்றேன்.

"என்னைக் கட்டிக்கப் போறவன்கூட இப்படித் தூங்க விடமாட்டான்டா," என்றாள். "ஆனா பாத்துக்கோ, என் வேலையையும் நீயே செஞ்சா மேனேஜர் என்னைக் கழட்டி விட்டுட்டு டயருக்குச் சம்பளம் குடுத்துடுவான்."

அதற்கப்புறம் நான் முழுத் தூக்கம் தூங்கியதில்லை. இருட்டோடு எழுந்து போக வேண்டும், எல்லோரும் எழுவதற்குள் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். சில காலைகளில் மூட வேண்டியது எதுவும் இருக்காது. சில காலைகளில் இருக்கும். செய்யச் செய்ய வேலை ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஒரு மண்வெட்டியை நிரந்தரமாக ஜீப்பிலேயே வைத்துக்கொண்டேன்.

சிங்கங்களுக்கும் பழகிவிட்டது. பொழுது சாயும்போது, ஆட்கள் சாலையைத் தாண்டும் கடவுக்குப் பக்கத்தில் வந்து கிழக்கே பார்த்துப் படுத்துக்கொள்ளும். நேராக அங்கே ஓட்டிப் போனால் போதும், விருந்தினர்களுக்குத் தேடும் வேலையே இல்லை. எதற்காகக் காத்திருக்கின்றன என்று கேட்பார்கள். இம்பாலா மானுக்காக என்பேன். பக்கத்துக் காப்பக வழிகாட்டிகள் வயர்லெஸ்ஸில் என்னைச் சீண்டுவார்கள். "ரிவோனி, சிங்கத்தைக் கயித்துல கட்டி வெச்சிருக்கியா?" நான் சிரித்துக்கொள்வேன். அந்த மாதங்களில் எனக்கு நல்ல பெயர் வந்தது.

ஒரு மத்தியானம் சமையலறைக்குப் பின்னால் சோளக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கென்சானி சட்டியைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"கிழக்குப் பக்கம் எப்படிடா இருக்கு?"

"எப்படின்னா?"

"நடிக்காத. என் தம்பி ஜோசியாஸ் வரேன்னு ஒத்தைக் காலில நிக்கிறான். அணைக்கட்டுல மீன் புடிச்சு என்னத்தக் கிழிக்கிறது? ஜோகன்னஸ்பர்க்ல கட்டட வேலை இருக்காம். கூட ஒரு கூட்டாளியும் வரானாம்."

"பஸ்ல வரச் சொல்லு."

"பாஸ்போர்ட்டு உங்கப்பன் குடுப்பாரா?" பிறகு சட்டியைக் கீழே வைத்தாள். "விளையாட்டு இல்லடா. தினம் ரோட்டைப் பாக்கறவன் நீதான். நீ சரின்னு சொன்னா வரச் சொல்றேன். வேணாம்னா வேணாம். ஏன்னுகூடக் கேக்க மாட்டேன்."

ஏனென்று கேட்க மாட்டாள் என்று நான் நம்பவில்லை. கேட்காமல் போய்ப் பார்ப்பாள். அந்தக் குழிகளைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு காலை போதும்.

"ரோடு சுத்தமா இருக்கு அக்கா," என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அவள் முகம் தெளிந்துவிட்டது. தம்பிக்குப் புது ஷூ வாங்கி, எல்லை தாண்டிப் போய்வரும் டாக்சிக்காரன் ஒருவனிடம் கொடுத்து அனுப்பியிருந்தாளாம். "இடது குதிகால்ல கத்தியால குறுக்கே ஒரு கோடு கீறி விட்டிருக்கேன். அந்தக் கோடு ரோட்டைத் தாண்டிப் போயிருந்தா வந்து என்னை எழுப்பு. தூங்கிட்டு இருந்தாலும் பரவாயில்ல, எழுப்பு." சரி என்றேன்.

எந்த இரவு வருவார்கள் என்று அவளுக்கே தெரியாது. நிலா இல்லாத நாட்களில் வருவார்கள் என்று மட்டும் தெரியும். நான் எதுவும் செய்யாமல் இருந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அந்த மாலைகளில் கென்சானியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விருந்தினர்களோடு கடவுப் பக்கமே போய், சிங்கங்கள் மேல் விளக்கடித்தபடி முடிந்தவரை நிற்பேன். விளக்கு வெளிச்சத்தில் அவை எழுந்து போகாது. ஆனால் கடைசி மாலை குளிர் அதிகம். இங்க்ரிட் என்ற வயதான அம்மா ஒருவர், நார்வேக்காரர், பறவைகள் என்றால் உயிர். அவர் கணவருக்குக் கால் மரத்துவிட்டது.

"சாப்பாட்டுக்குப் போயிடலாமா தம்பி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

எனக்கும் களைப்பாக இருந்தது. விளக்கை அணைத்தேன். வண்டியைத் திருப்பும்போது கிழிந்தகாது எழுந்து சோம்பல் முறித்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக டயரைக் கட்டிக்கொண்டு போனேன். கிழக்கேயிருந்து இரண்டு பேர் தடம் வந்திருந்தது. ஒன்றின் இடது குதிகாலில் குறுக்கே ஒரு கோடு. சாலை நடுவில் இருவரும் ஓடத் தொடங்கியிருந்தார்கள். மற்றவனின் தடம் புல்லில் முடிந்தது. கோடு போட்ட தடம் மட்டும் ஒரு மருலா மரத்துப் பக்கம் போனது.

மரத்தடியில் சிங்கங்கள் படுத்திருந்தன. மேலே கிளைக் கவட்டில் அவன் இருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் எங்கள் பாஷையில் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க. மரத்துல இருக்கேன். அவனைத் தின்னுடுச்சுங்கண்ணே. நீங்க போலீஸா இருந்தாலும் பரவாயில்ல, புடிச்சுக்கிட்டுப் போங்க."

குரல் கட்டியிருந்தது. இரவெல்லாம் கத்தியிருப்பான்.

ஜீப்பை நிறுத்தினேன். அவசரப்படாமல் யோசித்துப் பார்த்தேன். அவனை ஏற்றிக்கொண்டு போனால் பார்த்ததைச் சொல்வான். சொன்னால் மத்தியானத்துக்குள் ஹெலிகாப்டர் வரும். கிழிந்தகாது, மகள்கள், அந்த மாதம் பிறந்த குட்டிகள் எல்லாம் போய்விடும். கென்சானி குழிகளைத் தேடுவாள். ஒரு உயிருக்காக இத்தனையும் என்று தோன்றியது. வெயில் ஏறினால் சிங்கங்கள் நிழல் தேடி நகர்ந்துவிடும், அவன் இறங்கி மேற்கே நடந்துவிடுவான், நடந்துவிட்டால் யாரிடமும் பேச மாட்டான் என்றும் நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பக்கத்தில் அந்த மரத்தைத் தவிர வேறு நிழல் கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

காபிக்கு நேரமாகிவிட்டது. வண்டியைக் கிளப்பினேன்.

அன்று காலை விருந்தினர்களைத் தெற்கே நீர்க்குட்டைக்கு அழைத்துப் போனேன். போகிற வழியில் கிழக்குச் சாலையின் ஒரு முனையைத் தொட்டுத்தான் போக வேண்டும். கென்சானி முன் இருக்கையில் இருந்தாள். காற்று கிழக்கேயிருந்து வீசியது. தூரத்தில் கனமாக, உடைந்து உடைந்து ஒரு குரல் கேட்டது. கென்சானி கையை உயர்த்தினாள்.

தடம் பார்ப்பவர் கையை உயர்த்தினால் வழிகாட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். அது விதி. நான் நிறுத்தவில்லை. நான் மீறிய விதி அந்த ஒன்றுதான்.

"என்னடா அது?"

"தரை இருவாச்சி அக்கா."

உங்களுக்குத் தெரியும், அந்தப் பறவையின் குரல் விடியற்காலையில் தூரத்து மனிதக் குரல் மாதிரிதான் இருக்கும். இங்க்ரிட் அம்மா மகிழ்ந்துபோனார். "இத்தனை வருஷமா இதைக் கேக்கணும்னு இருந்தேன் தம்பி," என்று என் தோளைத் தட்டினார். இன்னொரு ரஸ்க் கொடுத்தேன். கென்சானி கொஞ்ச நேரம் கையை இறக்காமல் இருந்தாள். பிறகு இறக்கினாள். என் பேச்சை அவள் நம்புவாள்.

மத்தியானம் விருந்தினர்கள் படுத்த பிறகு அவள் காணாமல் போனாள். வெயில் தாழத் திரும்பி வந்தவள், நான் ஜீப் கழுவிக்கொண்டிருந்த குழாயடியில் வந்து நின்றாள். கையில் ஒரு ஷூ இருந்தது.

"இருவாச்சி கத்தினா அதோட ஜோடி பதில் சொல்லும்," என்றாள். "காலையில யாரும் பதில் சொல்லலியேன்னு இருந்துச்சு. அதான் போய்ப் பாத்தேன்."

நான் குழாயை மூடினேன்.

"டயர் இழுக்கறப்ப வண்டி நின்னு கிளம்பினா மணல்ல ஒரு மேடு தங்கும். நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்த. மரத்துக்கு நேரா அந்த மேடு இருக்கு. ஜீப்புல இருந்து சொட்டின எண்ணெய் உள்ளங்கை அகலத்துக்கு ஊறிக் கிடக்கு." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவன் தடம் நீ இழுத்த மணலுக்கு மேல இருக்குடா. இறங்கி ஓடியிருக்கான். நம்ம ஜீப் சத்தம் கேட்ட பக்கமா ஓடியிருக்கான்."

நம்ம ஜீப் என்றுதான் சொன்னாள். அவளும் அதில் இருந்தாள் அல்லவா.

"எவ்வளவு நேரம் நின்னே?" என்று கேட்டாள்.

"ரொம்ப நேரம் இல்லக்கா," என்றேன். அவள் அழவில்லை. ஷூவின் குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகுதான் போலீஸ் ஸ்டேஷனில் உங்களுக்குச் சொல்லி அனுப்பினாள். குழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நானே காட்டுகிறேன். அங்கே மூடியிருப்பவர்களை நான் மூடினேன். அவனை மரத்தில் விட்டுவிட்டு வந்ததும் நான்தான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. எனக்குத் தூக்கம் வருகிறது.

சிங்கங்களை ஒன்றும் செய்யாமல் இருக்க முடியுமா என்று மேலிடத்தில் கேட்டுப் பாருங்கள். அவற்றின் மேல் தப்பில்லை. அவள் தம்பியை நான் கொன்றதாகக் கென்சானி சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன். துக்கத்தில் அப்படித்தான் வரும், அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. துப்பாக்கியை நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டாலே சிங்கங்கள் சிதறி ஓடிவிடும், அவ்வளவு சத்தம் அதற்கு. இத்தனை வருட வேலையில் யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டேன், அதை ஒருமுறைகூடச் சுட வேண்டி வந்ததில்லை. அன்று காலையும், குண்டு நிரப்பிப் பக்கத்திலேயேதான் வைத்திருந்தேன், தொடவே இல்லை.