பக்கத்து சீற்றில் மிருணாளினி ரீச்சர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் விமலாதேவி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ரீச்சரின் கணவர், என் நண்பர் விக்னராஜா அவர்களே, அவர்களின் மகள் தர்சினி, மற்றும் மிருணாளினி ரீச்சரிடம் கார் பழகியவர்களே, பாதியில் விட்டவர்களே, எனக்கு ஏன் இது என்று பழகாமலே இருந்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் ஈஸ்வரமூர்த்தி, டூங்கபி மூத்தோர் ஒன்றியத்தின் செயலாளர். ஐந்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். மீறத்தான் போகிறேன், மணி அடிக்காதேங்கோ.

எனக்கு அழுகை வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தலை சுத்துது என்று கதிரையில் சாய்ந்த மனுசி, மத்தியானம் இல்லை. செய்தி வந்தபோது நான் கறிவேப்பிலை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். போனை வைத்துவிட்டு, மிச்ச மரங்களுக்கும் விட்டேன். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, நோகவில்லை. செத்தவீட்டிலும் அப்படித்தான் நின்றேன். இங்கேயும் அப்படித்தான் நிற்கிறேன்.

ரீச்சர் யார்? கார் பழக்குகிறவர். மேற்குச் சிட்னியில் ஒரு தமிழ் வீட்டைத் தட்டினால் அவரிடம் பழகிய ஒருவராவது வெளியே வருவார். பதினாறு வயதுப் பிள்ளையும் அவர் பக்கத்தில் இருந்து கார் ஓடியது, ஊரிலிருந்து வந்து இறங்கிய எழுபது வயது மாமாவும் ஓடினார். அவர் கற்பித்தது காரோட்டம். அவர் கற்றுக்கொண்டது மனிதரின் வயது. ஒரு மனிதருக்கு எந்த வயதில் எது வரும், எது வராது, எது போகும், எது போகாது என்பதை அவரைப்போலக் கண்டவர் யார்?

அதோ, பின்னால் கதவோடு நிற்கிறார் அனோஜன். இன்றைக்கு இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பதினேழு வயதில், பழகத் தொடங்கி இரண்டாம் கிழமையே காரை இடுக்குக்குள் பின்பக்கமாக விட்டு நிறுத்தினாராம். கை அவ்வளவு சுறுக்கு. தகப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு உன்ரை சினேகிதர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா என்றார். வந்த இரண்டு பேரையும் பின் சீற்றில் இருத்தினார். பிள்ளை வேறு ஆளாகிவிட்டது! ஒரு சிரிப்பு கேட்டால் கால் வேகத்தை அமத்துகிறது, ஒரு பகிடி கேட்டால் தலை திரும்புகிறது. பிறகு வந்த எல்லா வகுப்பும் அந்த இரண்டு பேரோடும்தான். அந்த வயதில் பயப்பட வேண்டியது கையைப் பற்றி அல்ல, பின் சீற்றில் யார் என்பதைப் பற்றித்தான் என்பார் ரீச்சர்.

சந்திரகலா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், மருத்துவமனையில் வேலை. நாற்பது வயதில் பழக வந்தார். விதிகள் அத்தனையும் பாடம், ஆனால் ரவுண்டபௌட் வட்டத்தைக் கண்டால் கார் நகராது. பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள், இவர் அழுவார். ரீச்சர் ஒருநாள் காரை ஓரம் கட்டச் சொல்லி, என்ன யோசிக்கிறீர் என்று கேட்டார். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் பசங்க யாருகிட்ட வளருவாங்கன்னு யோசிக்கிறேன் மேடம் என்றார் சந்திரகலா. பதினேழு வயதுக்கு வராத யோசனை அது. ரீச்சர் அதைப் பிழை என்று சொல்லவில்லை. நீர் செய்கிறது எல்லாத்தையும் சத்தமாச் சொல்லிக்கொண்டு ஓடும் என்றார். வாய் வேலை செய்தால் மனம் வேறு எங்கேயும் போகாதாம். இன்றைக்கும் சந்திரகலா தனியே பேசிக்கொண்டுதான் ஓடுகிறார், தெருவில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கிருஷ்ணசாமி ஐயாவுக்கு எழுபத்தைந்து தாண்டி இருந்தது. திருச்சியில் வாழ்நாள் முழுக்கக் கார் ஓட்டியவர். ஹோர்னிலிருந்து கையை எடுக்க வைக்க ரீச்சர் பட்ட பாடு! புதிது ஒன்றும் லேசில் உள்ளே போகாது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸைக் கண்டால், ஆள் இறங்குவதற்கு முதலே அவர் கால் பிறேக்குக்குப் போய்விடும். எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இளம் ஆட்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு வருசம் எடுக்கும் என்று ரீச்சர் சொல்லுவார். “வயசைப் பார்த்துப் பாடம் சொல்ல வேணும், மூர்த்தி அண்ணை. வயசைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. ஏறி இருந்து பார்த்துத்தான் சொல்ல வேணும்.” இது அவர் என்னிடம் சொன்னது.

இனி, அவர் செய்த பெரிய வேலைக்கு வருகிறேன். அதைப் பற்றி ஒருவரும் இங்கே பேசவில்லை. பேச விருப்பமில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் ஒன்றியத்தில் எழுபத்தைந்து தாண்டிய ஒவ்வொருவரோடும் ரீச்சர் வருசத்தில் ஒருதரம் காரில் ஏறுவார். மண்டபத்திலிருந்து கடைத்தெரு வரைக்கும் போய், அம்பு விளக்கு இல்லாத சந்தியில் வலது பக்கம் திரும்பி வர வேண்டும். வந்து எஞ்சினை நிற்பாட்டியதும், ஓடலாமா, இனி ஓட வேண்டாமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். பிள்ளைகள் சொன்னால் சண்டை. டொக்டர் சொன்னால் நாங்கள் வேறு டொக்டரைப் பார்ப்போம். ரீச்சர் சொன்னால் கேட்டோம். ஏன் கேட்டோம்? அவர் எங்களைக் கிழவர் என்று பார்க்கவில்லை, ஓடுகிற ஆளாகப் பார்த்தார், அதனால்தான்.

விக்னராஜாவுக்கும் இனி ஓட வேண்டாம் என்று ரீச்சர்தான் சொன்னார். கட்டின மனுசன்! இவர் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. ரீச்சர் சமைத்து வைத்தார், இவரைக் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கினார், கூட்டிக்கொண்டு வந்தார், தானாகவும் ஒரு சொல்லுக் கதைக்கவில்லை. ஒருநாள் காரில் போகும்போது, நான் அன்றைக்குச் சந்தியில் வந்த அந்த ட்ரக்கைக் காணவில்லைத்தான் என்று இவர் வாய் திறந்தாராம். ஓம், நீங்கள் காணேல்லை என்றாராம் ரீச்சர். அவ்வளவுதான். தலையாட்டுகிறார் பாருங்கள்.

ரீச்சர் இறந்த அதே கிழமைக்குள் செயற்குழு கூடியது. இனி யார் சொல்வது? தர்சினியைக் கேட்டோம். அவரும் கார் பழக்குகிறவர்தான், தாயிடம் தொழில் படித்தவர், வயது முப்பத்துநான்கு. பிள்ளை மறுத்துவிட்டது. சின்ன ஆட்களுக்குப் பழக்குவன் அங்கிள், பெரிய ஆட்களுக்கு நிற்பாட்டுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வராது என்றது. குழுவிலும் முணுமுணுத்தார்கள். அந்த வயதுக்கு எங்கள் வயது விளங்குமா என்றார்கள். அப்படியென்றால் இந்த வேலையை இதோடு விடுவோம் என்று ஒருவர் சொன்னார். ரீச்சரின் படத்துக்கு மாலை வாங்க ஒரு நொடியில் ஒத்துக்கொண்ட குழு, அவர் வேலையை விடவும் ஒரு நொடியில் தயார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கிழமையில் எனக்கு வந்த உணர்ச்சி அது ஒன்றுதான்.

அதனால் நான் தர்சினியிடம் ஒன்று கேட்டேன். அடுத்த வருசம் எனக்கு எண்பத்தைந்து, அரசாங்கமே ஓடிக் காட்டு என்று கேட்கும். இந்த வருசம் ரீச்சர் என்னோடு ஏற முதல் போய்விட்டார். நீ ஏறு பிள்ளை, ஏறிப் பார்த்துச் சொல்லு என்றேன். என் ஓட்டத்தில் பிழை வராது என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். ஓடலாம் அங்கிள் என்று பிள்ளை சொல்லும், சொல்லிப் பழகும், எனக்கும் காரியம் முடியும் என்று கணக்குப் போட்டேன். ஐம்பது வருசத்துக்கு மேல் ஓடுகிற ஆள் நான்.

பிள்ளை ஒத்துக்கொண்டது. இன்று காலை குவேக்கர்ஸ் ஹில்லில் என் வீட்டில் இருந்து அப்படித்தான் வந்தோம். தாயின் இரங்கல் கூட்டத்துக்கு வருகிற பிள்ளை, கறுப்புச் சேலையோடு என் பக்கத்தில் இருந்தது. கடைத்தெருவுக்குப் போனேன், அந்தச் சந்தியில் வலது பக்கம் திரும்பினேன், இந்த மண்டபத்து வாசலில் நிற்பாட்டினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். எஞ்சினை நிற்பாட்டிவிட்டுப் பிள்ளையைப் பார்த்தேன்.

“அங்கிள், திரும்பேக்கை வோக்கரை ஊண்டிக்கொண்டு ஒரு அம்மா றோட்டிலை இறங்கினவ. கண்டனீங்களோ?”

“எந்த அம்மா?” என்று கேட்டேன்.

பிள்ளை நடந்ததைச் சொன்னது. அந்த மனுசி பின்னுக்கு அடி வைத்தபடியால்தான் தப்பினவவாம். நான் காணவில்லை. இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், அந்தச் சந்தியில் எனக்கு ஒரு அம்மாவும் இல்லை. வெறும் றோட்டுத்தான் தெரிகிறது. தர்சினி என் முகத்தைப் பார்த்துச் சொன்னது, இனி நீங்கள் ஓடக்கூடாது அங்கிள் என்று. மன்னிப்புக் கேட்கவில்லை, மழுப்பவில்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளவும் இல்லை. நான் கதவைத் திறக்கும் வரைக்கும் அப்படியே இருந்தது.

சபையோரே, அந்த வயதுக்கு எங்கள் வயது விளங்குமா என்று கேட்டீர்கள். விளங்கும். வாய் வருமா என்று பிள்ளையே கேட்டது. வந்தது. செயலாளருக்கே சொன்ன பிள்ளை உங்களுக்குச் சொல்லாதா? மிருணாளினி ரீச்சரின் வேலை வருகிற செவ்வாய்க்கிழமை காலை இந்த வாசலில் தொடங்கும். தர்சினி ஏறுவார். எழுபத்தைந்து தாண்டியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், நான் வாசலில் நிற்பேன், ஒருவரையும் தப்ப விடமாட்டேன். இது ரீச்சரின் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கிற வாக்கு. வேறு என்ன சொல்லி அவரை வழியனுப்ப? எனக்குத் தெரியவில்லை.

முடிக்கிறேன். என் கார் வெளியில் நிற்கிறது, அது அங்கேயே நிற்கட்டும். குவேக்கர்ஸ் ஹில் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், என்னை வீட்டில் இறக்கிவிடுங்கோ.