வாசனை இல்லாத சட்டை

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அவரருகே அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, கைவேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் சுவரோரம் நின்று கேட்கும் தோழர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் ஒரு சலவைக்கடைக்காரனின் பணிவான வணக்கம்!

சுற்றுச்சூழலைக் காத்த சிறுகடை என்று பொறித்த இந்தக் கேடயத்தைத் தலைவர் இப்போதுதான் என் கையில் தந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். கதையைக் கேட்டுவிட்டுத் தட்டியிருக்கலாம்.

என் கடை பத்தடிக்குப் பதினைந்தடி. முன்னால் மேசை, பின்னால் இயந்திரம், நடுவே தொங்கும் துணிகள். பத்தொன்பது ஆண்டுகள் ரசாயனத்தில்தான் வெளுத்தோம். கறை போனது, கசங்கல் போனது, கூடவே என் துணைவியாரின் மூச்சும் போய்க்கொண்டிருந்தது! இயந்திரத்தைத் திறப்பவர் அவர். எழும் ஆவியை முகத்தில் வாங்குபவர் அவர். தலை சுற்றித் துணிமூட்டை மேலேயே உட்கார்ந்துவிடுபவரும் அவர். மருத்துவர் அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, என் தொழில் என்னவென்று விசாரித்தார். சொன்னேன்.

"உங்களுக்கு இவங்க வேணுமா, அந்த ரசாயன டிரம்மு வேணுமா?" என்றார்.

மாற்றினேன். பழைய இயந்திரத்தை அனுப்பிவிட்டு, தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும் என்கிற புதியதை வாங்கினேன். துணிக்குப் போடும் பிளாஸ்டிக் உறையை நிறுத்தினேன். பின்சுவரில் ஜன்னல் வைத்தேன். மிச்சமிருந்த ஒரு டிரம் ரசாயனத்தை மூடி மூலையில் நிறுத்தினேன். துணி வெளுத்தது, சாக்கடை தெளிந்தது, நெஞ்சு நிமிர்ந்தது!

வந்தார் ஒரு வாடிக்கையாளர். சட்டையை வாங்கினார். விரித்துப் பார்த்தாரா? இல்லை. மூக்கில் வைத்தார்.

"தொவச்சீங்களா?"

"தொவச்சோம்ங்க."

"வாசனையே இல்லையே?"

அந்த ரசாயன நெடிதான் சுத்தம் என்று பத்தொன்பது ஆண்டுகள் பழக்கியவர்களே நாங்கள்தானே! அவர் எதிர்க்கடைக்குப் போனார். அவர் பின்னால் அடுத்தவர். துணி தொங்கிய கம்பிகளில் காற்றுதான் தொங்கியது. அங்கே என்ன சிரிப்பு? மூன்றாம் வரிசை ஐயா, நீங்களும் முகர்ந்தவர்தானே! தலைவரும் சிரிக்கிறார். தலைவருடைய கோட்டு எங்களிடம் ஒருமுறை வந்தது, மறுமுறை வரவில்லை.

ஆனால் சில மாதங்கள் கழித்து ஆட்கள் திரும்பினார்கள். முகர்ந்தார்கள், தலையாட்டினார்கள், வாங்கிப் போனார்கள். உண்மை வென்றுவிட்டது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்தப் பெருமையில்தான் இந்தப் பரிசுக்கும் விண்ணப்பம் போட்டேன்.

பத்து நாட்களுக்கு முன் ஒரு பொத்தான் உருண்டு மேசைக்கு அடியில் போனது. குனிந்தேன். அங்கே மூடியில்லாத ஒரு டப்பா. உள்ளே ஈரத்துணி. மூலையிலிருந்த டிரம்மிலிருந்து தினம் கொஞ்சம் எடுத்து நனைத்து வைத்திருக்கிறார், என் துணைவியார்! வாங்க வருகிறவர் மூக்குக்கு நெடி வேண்டுமே! அந்த டப்பாவுக்கு நேர் மேலேதான் அவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்கிறீர்களா? அதிலேயே ஊறிய மூக்கு ஐயா இது. அதற்கு அந்த நெடி உறைக்கவே இல்லை. அவருக்கு இருமல் ஏன் நிற்கவில்லை என்று மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன், மடையன்!

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார்: "வாசனை வந்தாத்தாங்க ஆளு வர்றாங்க. கடை போச்சுன்னா நீங்க உடைஞ்சு போயிருவீங்க. எனக்கு இருமல் பழகிப்போச்சு."

டப்பாவை அப்புறப்படுத்தினேன். டிரம்மை ரசாயனக் கழிவு எடுக்க வருபவர்களிடம் கொடுத்தேன். இன்று காலை நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் முகர்ந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள்.

இயந்திரத்தை மாற்றினேன், உங்கள் மூக்கை எப்படி மாற்றுவேன்? சோப்பை மாற்றினேன், உங்கள் சந்தேகத்தை எந்தச் சோப்பால் கழுவுவேன்? ஒரு கடை தனியாகத் திருந்தி என்ன செய்யும், அதன் தெரு திருந்தாமல்? தாய்மார்களே, தோழர்களே, நாளைக்காவது முகராமல் வாங்கிப் போவீர்களா? போவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லி மேடையை விட்டு இறங்க மனமில்லை.

அதோ, முன்வரிசையில் என் துணைவியாருக்காகப் போட்ட நாற்காலி காலியாக இருக்கிறது. படியேற மூச்சு வாங்குகிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். இந்தக் கேடயத்தை வாங்கித் தந்தது அந்த டப்பா. ஆகவே இதைத் தலைவரின் மேசையிலேயே வைக்கிறேன். மன்னியுங்கள்.

நான் போட்டிருக்கும் சட்டை இன்று காலை அவர் கையால் துவைத்தது. இறங்கி வரும்போது யார் வேண்டுமானாலும் பக்கத்தில் வந்து முகர்ந்து பாருங்கள். ஒரு வாசனையும் வராது. அதுதான் சுத்தம்.

பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி. வணக்கம்.