ஹாரன் அடிக்காத வண்டி

டல்சி: ...அண்ணே, கோலு. மைதானத்தச் சுத்தி நிக்கிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது. உன் கை மட்டும் ஏன் சும்மா கிடக்குது?

மெர்வின்: யாரு உதைச்சது?

டல்சி: கண்ணு தெரியாத மாதிரி கேக்காத. ஏழாம் நம்பர். நம்ம ரோரி. உன் சொந்தப் பேரன்.

மெர்வின்: அப்ப நான் அடிக்க வேண்டியதில்ல.

டல்சி: இதுக்கு முன்னாடி பேக்கரிக்காரர் மகன் ஜாஸ்பர் போட்டான். அதுக்கு மட்டும் காது கிழியிற மாதிரி அடிச்ச.

மெர்வின்: ஜாஸ்பர் அடுத்த வீட்டுப் பிள்ள. அவனுக்கு அடிக்கிறது மரியாதை. நம்ம ட்ரெலோர் வீட்டுப் பிள்ளைக்கு ட்ரெலோர் வண்டி ஹாரன் அடிக்காது. அப்பா எனக்கு அடிக்கல. நான் என் மகனுக்கு அடிக்கல.

டல்சி: காக்காய்க்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுன்னு சொல்லுவாங்க...

மெர்வின்: ஆமா. அதனாலதான் காக்கா பேச்ச எவனும் நம்புறதில்ல.

டல்சி: அது என்ன, ஸ்டியரிங் பக்கம் டக்குனு ஒரு சத்தம்?

மெர்வின்: பழைய வண்டி. அதுக்கும் மூட்டுவலி இருக்கும். நீ ஆட்டத்தப் பாரு.

பிரான்வின்: ஐயா... இந்தக் கம்பிகிட்ட நின்னு பாக்கலாமா? உங்களுக்கு மறைக்காம ஓரமா நின்னுக்கிறேன்.

மெர்வின்: கம்பி எல்லாருக்கும் பொது. நில்லும்மா. வெளியூரா?

பிரான்வின்: மெல்போர்ன். பேரு பிரான்வின். வேற வேலையா இந்தப் பக்கம் வந்தேன். நம்ம ஆஸ்திரேலிய ஃபுட்பால் கூட்டத்தப் பார்த்ததும் ஒரு சாஸேஜ் ரொட்டி தின்னுட்டுப் போலாம்னு...

டல்சி: இவ்வளவு தூரம் வந்து எங்க ஊர் சாஸேஜா? பாவம்மா நீ. வெங்காயமாவது நல்லா வதக்கிப் போட்டாங்களா?

பிரான்வின்: கருக்கிப் போட்டாங்க. எனக்கு அப்படித்தான் பிடிக்கும். ஐயா, உங்க ஊர்ப் பசங்கள்ல யாரைப் பாக்கலாம், சொல்லுங்க.

மெர்வின்: ஒன்பதாம் நம்பர் ஜாஸ்பரப் பாரு. எந்தக் கோணத்துல நின்னும் கம்பத்துக்கு நடுவுல உதைப்பான். அந்த நெட்டைப் பய, முப்பத்தொண்ணு... தலைக்கு மேல போற பந்த எம்பிக் கையாலயே பறிச்சிருவான். நல்ல குடும்பம்.

பிரான்வின்: ஏழாம் நம்பர்?

மெர்வின்: ...ஓடுவான்.

பிரான்வின்: அவ்வளவுதானா?

மெர்வின்: கூப்பிட்டா வருவான். டல்சி, ஏன் இப்படி இருமுற?

டல்சி: தொண்டையில என்னமோ மாட்டிக்கிச்சு அண்ணே. உண்மைன்னு நினைக்கிறேன்.

பிரான்வின்: ஐயையோ... ஏழு கீழ விழுந்துட்டான். முழங்கை மூக்குல பட்டிருக்கு.

டல்சி: ரத்தம்... ஜெர்சியெல்லாம் ரத்தம். வெளிய கூட்டிட்டுப் போறாங்களே.

மெர்வின்: நடந்துதான போறான். மூக்கு தானே.

பிரான்வின்: நான் போய் ஒரு டீ வாங்கிட்டு வந்துடறேன். உங்களுக்கும் கொண்டு வரவா?

டல்சி: எனக்குச் சர்க்கரை ரெண்டு. அவருக்கு வேண்டாம்மா, அவர் ஏற்கெனவே எல்லாத்தையும் முழுங்கிட்டு உக்காந்திருக்கார்... போயிட்டாளா? அண்ணே, இவ யாருன்னு தெரியுதா உனக்கு?

மெர்வின்: வந்து நின்ன உடனேயே தெரியும். ஒருதடவகூடப் பந்தப் பாக்கல. பந்து இல்லாத இடத்துல ரோரி என்ன செய்யறான்னே பாத்துட்டு இருக்கா. பெரிய கிளப்புக்கு ஆள் பொறுக்க வந்தவ.

டல்சி: தெரிஞ்சுமா 'ஓடுவான்'னு சொன்ன? நாய்கூட ஓடும். இந்த வருஷம் யாரும் எடுக்கலைன்னா அவன் காலம்பூரா உன் டிராக்டர் சீட்டுலதான் உக்காரணும்.

மெர்வின்: டிராக்டர் கேவலமில்ல.

டல்சி: கேவலம்னு அவனும் சொல்லல. கோதுமை விதைக்கும்போதுகூட அந்தப் பந்தப் பக்கத்துல வச்சுக்கிட்டுதானே டிராக்டர் ஓட்டுறான்? அவன் மனசு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஒரு நல்ல வார்த்த சொல்லு அவகிட்ட.

மெர்வின்: வீட்டுப் பிள்ளைய வீட்டு வாயால விக்கிறதா? என்னால ஆகாது. நீயும் வாயத் தொறக்கக் கூடாது. அப்பா மேல ஆணை.

டல்சி: செத்தவரை ஏன் இழுக்கிற... அண்ணே, அங்க பாரு. ரோரி திரும்பி வந்துட்டான். மூக்குல பஞ்சு. ஜெர்சி வேற.

மெர்வின்: ரத்தம் பட்ட ஜெர்சியோட அம்பயர் உள்ள விடமாட்டார். கிளப் பெட்டியிலேருந்து மாத்து ஜெர்சி குடுத்திருக்காங்க. அம்பத்திரெண்டு.

டல்சி: கடவுளே. அவ ஏழாம் நம்பரத் தேடப்போறா.

பிரான்வின்: இந்தாங்கம்மா டீ... ஏழு இன்னும் வெளியதான் இருக்கானா?

டல்சி: அது வந்து... நல்ல டீ.

பிரான்வின்: அம்பத்திரெண்டு யாருங்க? ஆட்டத்தோட முதல் கால்பகுதியில இவனப் பார்த்த ஞாபகம் இல்லையே.

மெர்வின்: ...மாத்து ஜெர்சி.

பிரான்வின்: நல்லா ஆடறானே. இப்ப ஜாஸ்பர் போட்ட கோல் இருக்கே, ஹாரனெல்லாம் ஜாஸ்பருக்கு. ஆனா அதுக்கு வழி பண்ணிக் குடுத்தது இந்த அம்பத்திரெண்டு. ஜாஸ்பரத் துரத்தி வந்தவன் முன்னாடி நெஞ்சக் காட்டி நின்னான். விழுந்தான். எழுந்து திரும்ப ஓடினான். கோல் போடறவன எல்லா ஊர்லயும் பாக்கலாங்க. இந்த மாதிரி ஒருத்தன தேடித்தான் நான்... ம்... நாம ஆட்டம் பாக்க வர்றோம்.

டல்சி: நெட்டைப் பய பந்த நழுவ விட்டப்போ அவன் தோள்ல தட்டிட்டு ஓடினதும் இவன்தான்.

மெர்வின்: டல்சி.

டல்சி: நம்பரத்தானே சொன்னேன் அண்ணே. பேரச் சொல்லலையே.

பிரான்வின்: சரிங்க. நான் தேடி வந்த ஏழு இனி வரமாட்டான்போல. இருட்டுறதுக்குள்ள கிளம்பணும், ரோட்டுல கங்காரு குறுக்க வரும். வரட்டுமா?

டல்சி: அண்ணே... அவங்க கிளம்பறாங்க.

மெர்வின்: கேட்டுச்சு.

டல்சி: கேட்டுட்டு...

மெர்வின்: நில்லும்மா. ஒரு குறை சொல்லணும்.

பிரான்வின்: குறையா? யார் மேல?

மெர்வின்: அந்த அம்பத்திரெண்டு மேல. இடது காலால உதைக்கும்போது கையில இருக்கிற பந்த ரொம்ப மேலேருந்து விடறான். காத்து தள்ளிடுது. முதல் கால்பகுதியில ஏழாம் நம்பர் போட்டிருந்தப்பவும் அதே தப்பத்தான் செஞ்சான்.

பிரான்வின்: ஏழாம் நம்பர் போட்டிருந்தப்பவா?

மெர்வின்: மூக்கு ஒடஞ்சு ரத்தம் ஆனதால ஜெர்சி மாத்தினான். மூக்கு ஒடஞ்சதும் அவன் தப்புதான். எதிர்ல வர்றவனப் பாக்காம பந்தையே பாத்துட்டு இருந்தான்.

பிரான்வின்: அது குறையா ஐயா?

மெர்வின்: மூக்குக்குக் குறைதான். இன்னொண்ணு. ஜெயிச்சா பேசமாட்டான், தோத்தாலும் பேசமாட்டான். மைதானத்துல கூட ஆடறவனக் கூப்பிட்டுச் சொல்லணும். வாய் அடைச்ச குடும்பம்.

டல்சி: அந்தக் குடும்பத்த எனக்கு நல்லாத் தெரியும்மா. கல்லுல நார் உரிக்கலாம், அவங்ககிட்ட ஒரு நல்ல வார்த்தை...

மெர்வின்: போதும் டல்சி.

பிரான்வின்: பந்து அவன்கிட்ட... வலது பக்கம் திரும்பறான். இடது கால்லயா உதைக்கப்போறான்?

டல்சி: இடதுதான். வேண்டாம்டா... வலதுல உதை...

மெர்வின்: கையத் தாழ்த்துடா. பந்தக் கீழ கொண்டுவா. கீழ... கீழ...

டல்சி: கோலு.

பிரான்வின்: கோலுதான்.

டல்சி: அண்ணே, ஆட்டம் முடிஞ்ச சைரனும் அடிச்சுட்டாங்க. நாம ஜெயிச்சுட்டோம். இப்பவாவது அந்த ஹாரனத் தொடு.

மெர்வின்: யாரு உதைச்சது?

டல்சி: நீ திருந்தமாட்ட.

பிரான்வின்: ஐயா, உண்மையச் சொல்லிடறேன். நான் கிளப்புக்கு ஆள் பாக்கிறவ.

மெர்வின்: தெரியும்.

பிரான்வின்: அம்பத்திரெண்டு யாருன்னு எனக்கும் தெரியும். அவன் உள்ள வந்ததுமே தெரியும்.

டல்சி: பின்ன ஏம்மா கிளம்பறேன்னு எங்க உயிர எடுத்த?

பிரான்வின்: எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்காரங்க பையன் பெருமைய மட்டுந்தான் சொல்றாங்க. குறைய யாரும் சொல்றதில்ல. இவர் வாயத் தொறந்தா என்ன வரும்னு கேக்கணும்போல இருந்துச்சு. வந்த குறை பரவால்ல, அத ஒரு வருஷப் பயிற்சியில சரிபண்ணிடலாம். நாளைக்குக் காலையில வீட்டுக்கு வந்து ரோரிகிட்ட பேசறேன், அனுமதி உண்டா?

மெர்வின்: ...வாம்மா. டல்சி கேக் செய்வா. ஆனா ஒண்ணு. எங்க வீட்டுப் பையன்னு உனக்கு யாரு சொன்னது? கேன்டீன்லயா?

பிரான்வின்: யாரும் சொல்லல. போன மாசமும் வந்தேன், எதிர்ப்பக்கம் நின்னேன். அவன் கோல் போட்டா எல்லா வண்டியும் ஹாரன் அடிக்குது, ஒரு வெள்ளை வண்டி மட்டும் அடிக்கல. யாருடா இது இவ்வளவு வயித்தெரிச்சல்காரன்னு உத்துப் பாத்தேன். பாத்தா, அந்த வண்டியோட முன்விளக்கு ஒரே ஒரு தடவ எரிஞ்சு அணையுது. பையன் திரும்பி இங்கதான் பாக்கிறான். இன்னைக்கு அம்பத்திரெண்டு போட்டுக்கிட்டு உள்ள வந்ததும் முதல்ல இங்கதான் திரும்பிப் பாத்தான்.

டல்சி: விளக்கா? ...அந்த டக்குனு சத்தம். அண்ணே, இத்தன வருஷமா பக்கத்து சீட்டுலயே உக்காந்திருக்கேன், எனக்கே தெரியாம விளக்குப் போட்டியா?

மெர்வின்: அப்பா ஹாரனத்தான் அடிக்கக் கூடாதுன்னார், டல்சி... கோல் போட்டுட்டுத் திரும்பிப் பாக்கிற பிள்ளைக்கு, அங்க ஒண்ணு தெரிய வேண்டாமா?