கட்டியைக் கூப்பிடும் மருந்து

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரும் காலை கொமுட்டர் ரயில். சுபாங் ஜெயா தாண்டியதும், எதிர் இருக்கையில் தலையில் துணி கட்டியிருந்த அம்மாள் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்:

“மாலா, எனக்கு ஏத்துற மருந்து, புற்றுக்கட்டிய அதோட சொந்தக்காரன் மாதிரியே கூப்பிடுமாம்.”

“என்ன அண்ணி, பயமுறுத்துறீங்க!”

“டாக்டர்தான் சொன்னாங்க லா. ஸ்டெம் செல்லுலேர்ந்து வர்ற குட்டிக் குட்டிப் பை, எக்சோசோம்னு பேரு. லேப்ல அதுக்குள்ள மருந்த வச்சு அனுப்புறாங்க. நம்ம ஆளுதான்னு நெனச்சு கட்டி கதவத் தொறந்துடுமாம்.”

“தொறந்துச்சா?”

“ரெண்டு ஊசி போட்டாச்சு. ஸ்கேன்ல அப்படியே இருக்கு. டாக்டருக்கே புரியல. எனக்குப் புரியுது.”

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

“பொழுது சாஞ்சப்புறம் வாசல்ல யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டா, நம்ம வீட்டுல என்ன செய்வோம்?”

“மூணாவது தடவ கூப்பிட்டாத்தான் தொறப்போம். பேய் ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாதுன்னு.”

“கட்டியும் என் உடம்புலதானே வளந்துச்சு. நம்ம பழக்கம் அதுக்கும் தெரியும்.”

கேஎல் சென்ட்ரல் வந்தது. இருவரும் எழுந்தார்கள். மாலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கு எத்தனாவது ஊசி, அண்ணி?”

“மூணாவது.”