நைரோபியிலிருந்து ஒரு மலர்வளையம்

ஆமாம்மா, ஓயூகி வீடு இதுதான். நீங்க வழி தப்பி வரலை. செத்த வீடுன்னு வந்தோமே, பந்தலைக் காணோம், ஆளைக் காணோம், ஒரு அழுகைச் சத்தம்கூட இல்லையேன்னு பாக்கறீங்க, அதானே? சொல்றேன். முதல்ல இப்படி மாமரத்து நெழல்ல உக்காருங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், பாத்து. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ஓயூகி உள்ள தூங்கறான்.

அவன் ஆபீஸ் மேனேஜரம்மா நீங்கதானா? நியாம்புரா? நான் இன்னும் வயசானவங்களா நெனைச்சிருந்தேன். கிசுமு வரைக்கும் பிளேன்ல வந்து, அப்புறம் இந்த மண் ரோட்டுல குலுங்கிக்கிட்டு, கையில சர்க்கரை, தேயிலை, மலர்வளையம் வேற. நல்ல மனசு உங்களுக்கு. நானா? இந்த வீட்டு ஆளுதான். செத்தவருக்கு ரொம்ப வேண்டியவன்னு வெச்சுக்கங்க.

எப்படிச் செத்தாரா? திடீர்னுதான். வலி, வேதனை ஒண்ணுமில்லை. உடம்பு எங்கேயா? இங்கேதான் இருக்கு, பாக்கலாம், என்ன அவசரம். அக்கம்பக்கத்துக்கு இன்னும் சொல்லலை. சொன்னா மாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு, கத்திக்கிட்டு வந்துடுவாங்க, எங்க வழக்கம் அப்படி. பையன் தூக்கம் கெட்டுடும்.

ரெண்டு வருஷம் முன்னால அவன் அம்மாவை அடக்கம் பண்ணினோம். அதோ, வீட்டுக்கு எடப்பக்கம். குழியில மண்ணு தள்ள மூத்தவன் ஓயூகியைக் கூப்பிட்டா ஆளைக் காணோம். தேடிக்கிட்டுப் போனா, மாட்டுப்பட்டிக்குப் பின்னால தீவன மூட்டை மேல கம்ப்யூட்டரை வெச்சுத் தட்டிக்கிட்டு நிக்கறான். கண்ணுல தண்ணி வழியுது, கை தட்டுது. போன்ல ஒரு ஆளு அஞ்சே நிமிஷம், இன்னும் அஞ்சே நிமிஷம்னு சொல்லிக்கிட்டிருக்கான். உங்களுக்கு முன்னால இருந்தவனா? வேலையை விட்டுப் போயிட்டானா? எங்க வேணா போகட்டும். என் மனசுல அந்தப் போன்காரன் பட்டிக்குப் பின்னாலயேதான் நிக்கறான். குரலைக் கேட்டா இப்பவும் சொல்லிடுவேன், அவன்தான்னு.

நீங்க அப்படியில்லையாமே. எத்தனை நாள் வேணும்னாலும் லீவு எடுத்துக்கலாம், கணக்கே கிடையாதுன்னு சொன்னீங்களாம். ஓயூகி பெருமையாச் சொன்னான். சரி, நீ எத்தனை நாள் எடுத்தேன்னு கேட்டேன். ஒண்ணும் எடுக்கலையாம். யாருமே எடுக்கலை, நான் மட்டும் எப்படிங்கறான். நீங்க எடுத்தீங்களா? பாருங்க, சிரிக்கறீங்க.

நான் தேயிலை ஃபாக்டரியில வேலை பாத்தவன். படிப்பு ஏதோ எழுத்துக்கூட்டிப் படிக்கற அளவுக்கு. எங்க சூப்பர்வைசர் கல்நெஞ்சன். ஆனா லீவுன்னா லீவு. அந்த நாள்ல போய் நின்னா கேட்டுலயே விரட்டுவான். அவன் மேல எனக்கு வேற ஒரு கோபம் இருக்கு, அது இப்போ வேண்டாம். விருந்துல சட்டியை நடுவுல வெச்சு, வேணுங்கற அளவு எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனா, எங்க ஊர்ல எவனும் முதல்ல கை வெக்க மாட்டான். அடுத்தவன் தட்டையே பாத்துக்கிட்டுப் பசியோட எழுந்துடுவான். நீங்கதாம்மா அள்ளி வெக்கணும்.

ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு நாள்னுதான் வந்தான். கண்ணு ரெண்டும் செவசெவன்னு. சாப்பிட உக்காந்தவன் உகாலிக் களியை உருட்டின கையோட, மீனைத் தொடறதுக்கு முன்னாலயே தூங்கிட்டான். போன் கத்து கத்துன்னு கத்துது. நான்தான் எடுத்தேன். ஒரு பையன், ஓயூகி எங்கே, சர்வர் விழுந்துடுச்சு, எல்லாம் விழுந்துடுச்சுங்கறான். விழுந்தா தூக்கி வெய்யிப்பா, நீதானே அங்க பக்கத்துல இருக்கேன்னேன். அவனுக்குப் புரியலை. இவனுக்கு ஒடம்பு முடியலைன்னேன். அப்போ அஞ்சே நிமிஷம் எழுப்புங்கன்னான்.

அஞ்சே நிமிஷம்.

அவனோட அப்பா செத்துட்டார்னு சொல்லிட்டேன்.

உடனே அந்தக் குரல் எப்படி இறங்குச்சு தெரியுமா? ரொம்ப வருத்தம், எத்தனை நாள் வேணுமோ இருக்கச் சொல்லுங்கன்னுட்டான். தூங்கறேன்னா கெடைக்காது, செத்தா உடனே கெடைக்குது. நல்ல ஆபீஸ்மா உங்களுது.

போனையா? அதோ, அந்த அடைகோழிக்கு அடியில வெச்சிருக்கேன். கிட்டப் போகாதீங்க, கொத்தும். ஓயூகி முழிச்சதும், ஆபீஸ்ல லீவு குடுத்துட்டாங்கடான்னு மட்டும் சொன்னேன். நியாம்புரா மேடம் தங்கமானவங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டான். வேற எதுவும் அவனுக்குத் தெரியாது. நேத்து ஏரியில போய்க் குளிச்சான். வர்ற வழியில பாட்டுக்கூடப் பாடினான். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாச்சு.

இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். பொய் சொன்னவனை நீங்க வேலையை விட்டுத் தூக்குவீங்களா? சொன்னது ஓயூகி இல்லைன்னா? அவன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே? தலையை ஆட்டினாப் போதாதும்மா, வாயால சொல்லுங்க.

ம். இதை மறக்க மாட்டேன். எனக்கு எதுவுமே மறக்கறதில்லை.

அப்போ அந்த மலர்வளையத்தை இப்படிக் குடுங்க. அதை ஏன் மண்ணுல சாத்தி வெச்சிருக்கீங்க, எனக்குன்னு கொண்டு வந்ததுதானே. அட, பேரைக்கூடத் தப்பில்லாம எழுதியிருக்கீங்களே.