முகம் விழாத படங்கள்

ஒரு பிள்ளையின் சிரிப்புக்கு என் கடையில் பத்துக் காசு. கூட்டிச் சொல்லவில்லை. முப்பத்தாறு படம் எடுக்கிற கறுப்பு வெள்ளை ரோல் அப்போது மூன்று வெள்ளி அறுபது காசு. வகுத்துப் பாருங்கள், வந்துவிடும். சிங்கப்பூர் தேக்காவில் இதைவிட மலிவாக யாரும் சிரிப்பு விற்றதில்லை.

சாமி, நீங்கள் தாளைக் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னீர்கள். பாவசங்கீர்த்தனமாகக் காதில் சொல்ல வேண்டாம், கோயில் பங்குப் பேரவையில் வாசிக்க வேண்டும் என்றீர்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். என் பெயர் இயேசுதாசன். துணிக்கடைக்காரர் மகன். முழம் போடும்போது விரல்நுனியைக் கொஞ்சம் உள்ளே மடக்கிக்கொள்வதையும், அதே கையால் வந்த பிள்ளைக்கு மிட்டாய் எடுத்துக் கொடுப்பதையும் ஒரே வயதில் கற்றுக்கொண்டேன். இரண்டும் வியாபாரம்தான்.

தேக்கா சந்தைக்கு எதிர்ச் சந்தில் என் கடை. முன்னால் பிலிமும் கேமராவும் விற்பேன். பின்னால் பலகை அடித்த இருட்டறை, கழுவுவதும் அச்சிடுவதும் அங்கே. பிலிம் வாங்க வருகிறவருக்கு நான் முதலில் புத்தி சொல்வேன், பிறகுதான் விலை சொல்வேன். பெட்டியில் போட்டிருக்கிற தேதியைப் பாருங்கள். வெயில் விழுகிற கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவனிடம் வாங்காதீர்கள். வாங்கியதைக் காரில் விடாதீர்கள். இந்த ஊரில் வெயிலைவிட ஈரம்தான் எமன். பால் டின்னில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, ரோலை அதற்குள் வைத்து இறுக்கி மூடுங்கள். எடுத்து முடித்ததும் நாள் கடத்தாமல் கழுவக் கொடுங்கள். இதெல்லாம் சத்தியம். பிலிம் விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை, ஒருவரைத் தவிர.

அவர் பிலோமினம்மாள். ஆங் மோ கியோவில் புதிதாக வீடு கிடைத்துக் குடிவந்தவர். புருஷன் லாசரஸ் கப்பல் வேலைக்காரர். வருஷத்தில் ஒரு மாதம் தரையில் இருப்பார். எழுபத்தெட்டில் ஜப்பானிலிருந்து ஒரு கேமரா வாங்கிவந்து மனைவி கையில் கொடுத்துவிட்டு, நான் அடுத்த தடவை வர்றதுக்குள்ள பய மீசை வச்சிருப்பான், படமாவது எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பையன் பெனடிக்டுக்கு அப்போது ஒரு வயது.

முதல் ரோலை நான்தான் கெடுத்தேன். மத்தியானச் சூட்டில் மருந்துத் தண்ணீர் கொதித்துக் கிடந்தது. ஐஸ் வாங்கிவரச் சோம்பல். பிலிம் கரிக்கட்டை மாதிரி வந்தது. பிலோமினம்மாள் வந்து நின்றார்.

"என்னண்ணே, ஒன்னுகூட விழலையா?"

"எங்க வச்சிருந்தீங்க?"

"அடுப்புப் பக்கத்து அலமாரியில."

"அதான் லா."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவரே சொல்லிக்கொண்டார். தன் மேல் பழி போட்டுக்கொள்ள இவ்வளவு விரைவாக முன்வருகிற வாடிக்கையாளரை நான் அதுவரை பார்த்ததில்லை. பால் டின் யோசனையைச் சொன்னேன். எத்தனை பிடி அரிசி, எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு போனார்.

இரண்டாவது ரோல் அருமையாக விழுந்தது. மருந்துத் தட்டில் முகம் எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பையனுக்கு மேலே இரண்டு பல். கன்னத்தில் பிஸ்கட் தூள்.

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மனைவி ஆனிக்கு மூன்று தரம் கலைந்தது. இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை ஆனி ஏற்றுக்கொண்டாள். நாகப்பட்டினத்துப் பக்கம் இருக்கிற என் தாயார் அந்தோனியம்மாள் ஏற்றுக்கொள்ளவில்லை. மாதம் ஒரு கடிதம் வரும். சிங்கப்பூர் தண்ணியில ஏதும் குறை இருக்கா, மாதாகோயிலுக்கு நேர்ந்துகிட்டேன், பக்கத்து வீட்டு சவரியம்மா நேத்தும் கேட்டா. அம்மாவின் கையெழுத்து வரவரச் சின்னதாகிக்கொண்டு வந்தது. கடிதங்கள் கடை முகவரிக்குத்தான் வரும். ஆனி பார்த்தால் வருத்தப்படுவாள் என்பதால் அப்படி ஏற்பாடு.

அந்த ரோலிலிருந்து ஒரு படத்தை, உங்கள் பேரன் என்று எழுதி, அம்மாவுக்கு அனுப்பினேன். பிறந்தபோதே எழுதாததற்குக் காரணமும் எழுதினேன்: மூன்று தடவை ஏமாந்ததால், ஒரு வயது தாண்டட்டும் என்று வாய் திறக்காமல் இருந்தோம். அம்மா அதை நம்பினார். எங்கள் பக்கத்தில் கண்ணேறுக்குப் பயந்து இப்படி மறைப்பது உண்டு. பேரனுக்கு நான் எழுதிய பெயர் சூசைமாணிக்கம், என் அப்பாவின் பெயர்.

பிலோமினம்மாளிடம் ஐந்து படம் கொடுத்தேன். பையனின் முதுகு, தொட்டிலின் கம்பி, திரும்பிக்கொண்ட தலை, இப்படி. மற்றதெல்லாம் ஈரம் தின்றுவிட்டது என்றேன். அஞ்சாச்சும் தேறுச்சே அண்ணே, அரிசி வேலை செய்யுது என்று சந்தோஷமாகப் போனார்.

ஒரே ஒரு படத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிள்ளை என்றால் வளர வேண்டும் அல்லவா? ஆறு மாதத்தில் அம்மா அடுத்த படம் கேட்டார். அதற்குள் பிலோமினம்மாளின் அடுத்த ரோல் வந்திருந்தது. அதிலும் முகம் உள்ளதை நான் எடுத்துக்கொண்டு, முகம் இல்லாததை அவருக்குக் கொடுத்தேன். அவரிடம் நல்ல முகப்படம் ஒன்று இருந்தால் அதை நாலு பேருக்குக் கொடுப்பார். எங்கள் ஆட்கள் ஊருக்குப் போகும்போது எதை எங்கே எடுத்துப் போவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஜாக்கிரதைக்காகத்தான் செய்தேன்.

ஸ்டுடியோவுக்குப் போயிருக்கலாமே என்று பேரவையில் யாராவது கேட்கலாம். பிலோமினம்மாளும் கேட்டார். வீட்டிலேயே கேமராவை வைத்துக்கொண்டு எதற்குத் தண்டச் செலவு என்று நான்தான் தடுத்தேன். ஞானஸ்நானப் படம் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதில் துணிப் பொதிக்குள் ஒரு மூக்கு தெரியும்.

எண்பதில் அம்மா ஒரு சட்டை தைத்து அனுப்பினார். படத்தில் பையன் நாற்காலிக்கு எவ்வளவு உயரம் நிற்கிறான் என்று பார்த்து அளவு எடுத்திருந்தார். காலரில் நீல நூலில் ஒரு சின்னப் புறா. அதை என்ன செய்ய? பிலோமினம்மாளிடம் கொடுத்தேன்.

"யாருண்ணே தச்சது? அளவு எடுத்த மாதிரி இருக்கு."

"ஊர்ல எங்கம்மா. கடைக்கு வர்ற புள்ளைக்குன்னு எழுதினேன்."

"நம்ம புள்ளைக்கு இவ்வளவு தூரத்துலேர்ந்து ஒரு பாட்டியா?" என்று சிரித்தார். பையனிடம், "மாமாவுக்கு தேங்க் யூ சொல்லு" என்றார். அவன் சொன்னான்.

அடுத்த ரோலில் அந்தச் சட்டையோடு ஒன்பது படம். எல்லாவற்றையும் அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா எழுதிய பதில்களிலேயே நீளமானது அதுதான். பார்த்தால், இந்த விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் நன்மையே நடந்தது. பையனுக்குச் சட்டை கிடைத்தது.

எண்பத்திரண்டு ஜூலையில் பெனடிக்டுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். நாலரை வயது. லாசரஸ் எங்கோ நடுக்கடலில் இருந்தார். அடக்கத்துக்கு வர முடியவில்லை. நானும் ஆனியும் போயிருந்தோம். ஆனி நிறைய அழுதாள். நான் பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தேன். கனமே இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பிலோமினம்மாள் கேமராவோடு கடைக்கு வந்தார். அதற்குள் பாதி எடுத்த ரோல் இருந்தது. பதினான்கு படம். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும், அட்டையில் போட முகம் வேண்டும். புருஷனும் தந்தி அடித்திருந்தார், படம் எடுத்து வை, நான் பார்க்க வேண்டும் என்று.

"காய்ச்சல் நேரத்துல கேமரா ஜன்னல் ஓரத்துலயே கெடந்துச்சுண்ணே. டின்னுக்குள்ள வைக்க மறந்துட்டேன். ஏதாச்சும் தேறுமா?"

"பார்ப்போம்" என்றேன்.

அன்றைக்கு ஐஸ் வாங்கி வந்து, மருந்தின் சூட்டை இரண்டு தரம் பார்த்து, என் தொழிலில் அதுவரை செய்யாத கவனத்தோடு கழுவினேன். பதினான்கும் விழுந்திருந்தன. ஜன்னல் வெயில் ஒன்றும் செய்யவில்லை. கடைசிப் படத்தில் பையன் நேராகக் கேமராவைப் பார்க்கிறான். தலை சீவி, பவுடர் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு. அட்டைக்கு என்றே எடுத்த மாதிரி.

மறுநாள் வந்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"ஒன்னுகூடவா அண்ணே?"

"ஒன்னுகூட இல்ல, தங்கச்சி."

"பழைய ரோல்ல? கருப்பாப் போனதுன்னு சொன்னீங்களே, அதுல ஓரத்துல, மங்கலா..."

"மங்கலாக்கூட இல்ல."

முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "அவர் வந்து கேட்டா என்னண்ணே சொல்வேன்? ஜன்னல்ல வச்சது நான்தானே" என்றார். நான் மைலோ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. பூசையில் முகம் இல்லாத அட்டைதான் கொடுத்தார்கள். பெயருக்கு மேலே ஒரு சிலுவை போட்டிருந்தது. நீங்கள்தான் அந்தப் பூசை வைத்தீர்கள், சாமி.

அன்றே கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். யோசித்தேன். ஒன்றைக் கொடுத்தால், மற்றது எப்படிப் போயிற்று என்ற கேள்வி வரும். மேலும், அதே வாரம் நான் ஊருக்கும் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பையனுக்கு இனிப் புதுப் படம் வராது. அம்மா ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்கத்தான் போகிறார். எனவே சூசைமாணிக்கமும் காய்ச்சலில் இறந்தான் என்று எழுதி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தை வைத்து அனுப்பினேன். ஊர்க் கோயிலில் மணி அடித்தார்களாம். அம்மா பதினொரு நாள் சாப்பிடவில்லையாம். எனக்கு இருபத்திரண்டு ஆறுதல் கடிதங்கள் வந்தன. அவற்றை வாசித்தபோது எனக்கு உண்மையாகவே கஷ்டமாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுப்பது லேசான விஷயமல்ல.

மற்றது உங்களுக்குத் தெரியும். நம் பங்கு அலெக்சாண்டர் ஜனவரியில் வேளாங்கண்ணிக்குப் போனார். ஊருக்குப் போகிறவரிடம் சாமான் கொடுத்து அனுப்பாமல் இருப்பது எங்களால் முடியாத காரியம். இரண்டு டின் பால்பவுடரும் ஒரு கோடரித் தைலமும் கொடுத்து அனுப்பினேன், அம்மாவுக்கு. இருபத்தொன்பது படத்தில் ஒன்றையும் வெளியாருக்குக் காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அட்டையைப் பற்றி எழுதத் தோன்றவில்லை, ஊரில் அம்மா அப்படி ஒன்றை அடித்திருப்பதே எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அம்மா அலெக்சாண்டரிடம் ஒரு பொட்டலம் முறுக்கும், அதற்குள் பேரனின் நினைவு அட்டையும் கொடுத்துவிட்டிருக்கிறார். அலெக்சாண்டர் பெனடிக்டுக்கு ஞானத்தகப்பன். விமானத்தில் முறுக்கைப் பிரிக்கும்போது அட்டையைப் பார்த்திருக்கிறார்.

அட்டை இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. நேற்று அதைப் பிலோமினம்மாளிடம் காட்டினீர்கள் என்று அறிந்தேன். பெயரைப் படிக்காமல் முகத்தையே தடவிக்கொண்டிருந்தார் என்றார் அலெக்சாண்டர். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம்.

நான் எதையும் அழிக்கவில்லை. அதைப் பேரவை கவனிக்க வேண்டும். இருட்டறையில் ஒரு பிஸ்கட் டின்னில், வறுத்த அரிசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு புள்ளிப் பூஞ்சை கிடையாது. எந்தத் தாயும் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்க மாட்டாள்.

கொண்டுவரச் சொன்னீர்கள், கொண்டுவருகிறேன். சரிபார்த்துக்கொள்ளக் கணக்கு இது. நான் கெடுத்த முதல் ரோலைச் சேர்க்கவில்லை. அது என் நஷ்டம். அதன்பின் பத்து ரோல், முன்னூற்றறுபது படம், கடைசி ரோலில் பதினான்கு, ஆக முன்னூற்றெழுபத்துநான்கு. பிலோமினம்மாளிடம் கொடுத்தது ஐம்பத்தொன்று. ஆடிப்போனது, விரல் மறைத்தது எண்பத்துமூன்று. என்னிடம் நின்றது இருநூற்று நாற்பது. அதில் ஊருக்குப் போனது இருபத்தொன்பது, டின்னில் இருப்பது இருநூற்றுப் பதினொன்று. அச்சுக்கூலி படத்துக்கு நாற்பது காசு வீதம், இருநூற்று நாற்பதுக்கும் தொண்ணூற்றாறு வெள்ளி. பிலோமினம்மாள் இன்னும் தரவில்லை. துக்க வீடு என்பதால் நான் கேட்கவில்லை.