நாலாவதாய் வந்தவள்

— நான் ஒண்டு கேக்கிறன் தயாளினி, நீ நேத்து நிண்டனியோ இல்லையோ? அதை மட்டும் சொல்லு.

— நிக்கேல்லை மாமா. மெதுவாக்கினனான்.

— ரெண்டும் ஒண்டுதான்! லண்டன் ஆத்தங்கரை, எம்பேங்க்மென்ட் முழுக்கச் சனம். டூட்டிங் ஆக்கள் ரெண்டு வானில வந்தவை. இல்ஃபோர்ட்காரர் ரயில் பிடிச்சு வந்தவை. பெல்ஜியத்தில இருந்து வந்த சைக்கிள்காரி ஒருத்தி தனிய முன்னுக்கு வாறாள், அவள் என்ர தங்கச்சியின்ர மகள் எண்டு நான் மைக் இல்லாமலே கத்திறன். தவில்காரன் அடிக்கவும் துடங்கிட்டான். கடைசி வளைவு. உனக்குப் பின்னால ஒரு காக்கா குருவியும் இல்லை. என்ர மருமகள் என்ன செய்யிறா? திரும்பிப் பாக்கிறா!

— இஞ்சேருங்கோ, பிள்ளையை முதல் சாப்பிட விடுங்கோ. நேத்து முழுக்க மிதிச்ச உடம்பு. தயா, இன்னொரு இடியப்பம் வைக்கட்டோ?

— காணும் மாமி.

— சுலோச்சனா, நீ சாப்பாட்டோட நில். இது ஞாயம் கதைக்கிற நேரம்.

— ஓமோம். ஞாயம் உங்களுக்கு, சொதி எனக்கு.

— பின்னை என்ன? நான் விசாரிச்சுப்போட்டன். இவையின்ர காதுக்குள்ள ஒரு றேடியோ இருக்காம். பின்னால கார்ல வாற மனேஜர் சொல்லுறதை இவை கேக்கோணுமாம். அந்த அறுவான் சொல்லியிருக்கிறான், நில், எங்கட வெள்ளைக்காரி லீன் வரட்டும் எண்டு. இவளும் நிண்டு, அந்த லீனை முதுகுக்குப் பின்னால வைச்சு, காத்தைத் தான் வாங்கிக்கொண்டு முடிவுக் கோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வாறாள். கோட்டடியில அவள் வெட்டிக்கொண்டு முன்னுக்குப் போறாள், அவளோட ஒட்டிக்கொண்டு வந்த வேற ரெண்டு பேரும் போகினம். லீனுக்குப் பூச்செண்டு. எங்கட பிள்ளை நாலாவது. நான் வாங்கின மாலை கையிலயே வாடினது.

— அதை நான் பிள்ளையாருக்குப் போட்டிட்டன். அவரும் ஓடாமல் வெண்டவர்தானே.

— உனக்குப் பகிடியாக் கிடக்கு. எனக்கு விடிய விடிய நித்திரை இல்லை.

— மாமா, ஒரு குழுவில ஒராள்தான் வெல்லுறதுக்கு இருக்கிறது. மற்ற ஆக்கள் அவவுக்குக் காத்துப் படாமல் முன்னால ஓடுறது, கார்ல இருந்து தண்ணி வாங்கிக் கொண்டுபோய்க் குடுக்கிறது. என்னை அதுக்குத்தான் எடுத்தவை.

— எப்ப எடுத்தவை? பத்தொன்பது வயசில. இப்ப உனக்கு முப்பது தாண்டிட்டுது. ஒரு ஓட்டம், ஒரே ஒரு ஓட்டம் வெண்டிருக்கிறியோ? உங்கட ஊர்க் கல்லு றோட்டில விழுந்து காறை எலும்பு வெடிச்சும் எழும்பி ஓடினனி. ஆருக்கு? லீனுக்கு. இத்தாலியில மழைக்குள்ள முதுகெல்லாம் போத்திலை அடைஞ்சுகொண்டு மலை ஏறினனி, டிவியில பாத்து உன்ர அம்மா அழுதவள். ஆருக்கு? லீனுக்கு. இந்த ஏவல் வேலைக்கோ உன்ர கொப்பர் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு பெல்ஜியம் வந்தவர்?

— அது ஏவல் இல்லை!

— ஏவல்தான்.

— இல்லை மாமா. என்ர தொழில். லீன் வெண்ட ஒவ்வொரு ஓட்டத்திலயும் என்ர கால் இருக்கு. சைக்கிள் தெரிஞ்ச ஆக்களைக் கேட்டுப்பாருங்கோ, அவைக்கு என்ர பேர் தெரியும். எங்கட ஆக்களுக்குத்தான் ஒண்டாவது வந்தால் கண் தெரியும், இல்லாட்டித் தெரியாது.

— ஆ, அப்பிடிப் போடு தயா.

— சுலோச்சனா! நீ ஆற்ற பக்கம்?

— இவ்வளவு நேரமும் கோழி மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டிருந்தவள் இப்பதான் வாய் திறந்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம்.

— சரி. இந்தக் கோவம் நல்லது. இதை அப்பிடியே வைச்சிரு. இப்ப டிவிக்காரர் வருகினம்.

— ஆர் வருகினம்?

— எங்கட தமிழ் டிவி. நான்தான் கூப்பிட்டனான். உந்தச் சோபாவில நீ இருக்கிறாய், பக்கத்தில நான். நீ கனக்கக் கதைக்கத் தேவையில்லை. நான் கறுப்பி எண்டதால என்னை நிப்பாட்டினவை எண்டு சொல்லு, காணும். பிறகு நடக்கிறதை நாங்கள் பாத்துக்கொள்ளுவம். ஊர்ச் சங்கம் இருக்கு, எம்.பி. இருக்கிறா. அந்த மனேஜர் இனி எந்தக் காரிலயும் ஏறக்கூடாது.

— மாமா, அந்தாளுக்குக் குடும்பம் இருக்கு.

— எங்களுக்கு இல்லையோ?

— அவர் நல்ல மனுசன். லீனும் அப்பிடித்தான். எனக்கு எலும்பு உடைஞ்ச நேரம் ஆசுப்பத்திரியில கதிரையில படுத்தவ. அம்மாவுக்கு முதல் வந்து நிண்டவ. அவவின்ர பேரை டிவியில சொல்லாதேங்கோ.

— நேத்து மேடையால இறங்கி வந்து உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவள். நான் என்ர கண்ணால பாத்தனான். வெண்டவள் ஏன் அழுகிறாள்? மனம் குத்தியிருக்கு.

— கோவத்தில அழுதவ.

— ஆரோட கோவம்?

— என்னோட.

— உன்னோடயோ! வெற்றியையும் பறிச்சுப்போட்டு கோவமும் அவளுக்கோ? சுலோச்சனா, கேட்டியோ கதையை!

— நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள்தான் கேக்கேல்லை. பிள்ளை என்னவோ சொல்ல வாறாள்.

— அவள் என்ன சொல்லப்போறாள்? பரவாயில்லை மாமா, விடுங்கோ மாமா, வேலை போயிடும் மாமா. பயந்து பயந்து இருந்தால் உலகம் தலையில ஏறி இருக்கும். நான் லண்டனுக்கு வந்த புதிசில பெற்றோல் செட்டில வேலை செய்யேக்க என்னை எப்பிடியெல்லாம் கதைச்சவங்கள். வாய் மூடிக்கொண்டிருந்தனான். இனி ஏலாது. என்ர தங்கச்சியின்ர பிள்ளையை ஒருத்தன் நடு றோட்டில, எங்கட சனத்துக்கு முன்னால நில் எண்டு சொல்ல, நான் பாத்துக்கொண்டிருக்க ஏலாது!

— பெல் அடிக்குது.

— வந்திட்டாங்கள். தயா, தலையைக் கொஞ்சம் வடிவா வாரி இழு. சுலோச்சனா, அந்தத் தட்டுகளை எடு.

— மாமா, கதவைத் திறவாதேங்கோ.

— உதென்ன கதை?

— அவர் என்னை நிக்கச் சொல்லேல்லை.

— என்ன?

— போ எண்டு கத்தினவர். இது உன்ர ஓட்டம், திரும்பிப் பாக்காதை, போ போ எண்டு. என்ர காது இப்பவும் இரையுது. லீனும் றேடியோவில கத்தினவ, எனக்காக நிக்காதை எண்டு. நான்தான் நிண்டனான்.

— உனக்கென்ன, விசரோ? கால் பிடிச்சதோ?

— கால் நல்லா இருந்தது. அப்பிடி ஒரு நாளும் இருந்ததில்லை.

— பின்னை ஏன்?

— முன்னுக்கு ஒருத்தரும் இல்லை மாமா. றோட்டு முழுக்க எனக்கு. அப்பிடி நான் ஓடிப் பழக்கமில்லை. அதோட உங்கட சத்தம் கேட்டது. தமிழில என்ர பேர்.

— ஓடு எண்டுதானே பிள்ளை கத்தினனான்!

— ஓடு எண்டோ நில் எண்டோ எனக்கு விளங்கேல்லை. குரல்தான் கேட்டது. ஆரும் றோட்டுக் கரையில நிண்டு தமிழில கூப்பிட்டால் என்ர கால் தன்ரபாட்டில மெதுவாகுது. ராத்திரி முழுக்க யோசிச்சனான், ஏன் எண்டு.

— எனக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லை.

— எனக்கு விளங்குது. நீ சொல்லு தயா.

— அன்ட்வேர்ப்பில சின்னப்பிள்ளையளுக்கு சைக்கிள் ஓட்டம் வைப்பினம் மாமி. பெடியளும் பெட்டையளும் ஒண்டா ஓடுறது. தம்பி கௌசிகனைத்தான் அதில சேர்த்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை எண்டதால அவனைப் பாத்துக்கொள்ள என்னையும் விட்டவை. நான் அவனை விடக் கெதியா ஓடுவன். கோடை லீவுக்கு மாமா லண்டனில இருந்து வருவார். அப்பாவோட றோட்டுக் கரையில நிப்பார். நான் முன்னுக்கு வந்தால் ரெண்டு பேரும் கத்துவினம், “நில்லு பிள்ளை, தம்பி வரட்டும்!”

— நான் எப்ப சொன்னனான்?

— ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சொன்னனீங்கள்.

— அது… அது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டு. அவன் ஆம்பிளைப்பிள்ளை, அக்காவோட தோத்தால் மற்றப் பெடியள் நக்கலடிப்பாங்கள், அழுவான். அதுக்கு ஒரு பகிடியாச் சொன்னது.

— ஓம், அழுவான். அதால நான் நிப்பன். பேந்து அவனுக்குச் சைக்கிள் பிடிக்காமல் போட்டுது, விட்டிட்டான். இப்ப பல் டொக்டர். நான் விடேல்லை. எனக்குச் சைக்கிள் எண்டால் உயிர் மாமா. ஆனா நிக்கிறதையும் சேர்த்தெல்லோ பழகிப்போட்டன்.

— திருப்பியும் பெல் அடிக்கிறாங்கள்.

— சுலோச்சனா, நீ போ. போய், பிள்ளைக்குச் சுகமில்லை, இண்டைக்குப் பேட்டி ஒண்டும் இல்லை எண்டு சொல்லி அனுப்பு.

— ஏன் அனுப்போணும்? பிள்ளையை நிக்கச் சொன்னது ஆரெண்டு உலகத்துக்குச் சொல்லோணும் எண்டு விடியத் துடக்கம் குதிச்சது நீங்கள்தானே. நான் கதவைத் திறக்கிறன், நீங்கள் போய்க் கமராவுக்கு முன்னால இருங்கோ.